எறும்புச் சாரையைத் தவறவிட்ட ஊசி: மார்பகக் கட்டியில் ஊசிப் பரிசோதனையின் துல்லியம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளியும் முதல் வருகையும்

மாதவிடாய் நின்று நான்கு ஆண்டுகளான 54 வயதுப் பெண்மணி ஒருவர், இடது மார்பகத்தில் இரண்டு மாதங்களாகத் தென்பட்ட தடிப்புக்காக எங்கள் மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். வலி இல்லை, காம்பில் கசிவு இல்லை, குடும்பத்தில் எவருக்கும் மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ இருந்ததாகத் தெரியவில்லை. மேல் வெளிப்புறக் கால்பகுதியில் கைக்கு அகப்பட்டது உருண்டு திரண்ட கட்டியன்று. ஏறத்தாழ 3 செ.மீ. அளவில், ஓரம் எங்கே முடிகிறது என்று விரலால் வரையறுக்க முடியாத ஒரு தடித்த பரப்பு. அக்குளில் நெறி கட்டியிருக்கவில்லை. மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்-ரே படத்துக்கு மூன்று வாரம் கழித்தே தேதி கிடைக்கும் என்பதால், அன்றைக்கே ஊசி வழிச் செல் பரிசோதனை செய்துவிடலாம் என்று எழுதி அவரை நோய்க்குறியியல் பிரிவுக்கு அனுப்பிவைத்தார்கள். மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுத்துப் பார்க்கும் இந்த நுண்ணூசிப் பரிசோதனையைத்தான் மருத்துவமனைத் தாள்களில் எஃப்.என்.ஏ.சி. என்று எழுதுகிறார்கள். ஊசி போட்டதும் சிலைடுகளைப் பார்த்து அறிக்கையில் கையொப்பமிட்டதும் நான்.

படுக்கையில் படுத்தபடி அவர் கேட்ட ஒரே கேள்வி, "ஊசி குத்துனா கட்டி உடம்பெல்லாம் பரவிடும்னு சொல்றாங்களே, டாக்டரம்மா?" என்பதுதான். வாரத்தில் பலமுறை கேட்கும் கேள்வி இது. அச்சத்தோடு கேட்கப்படுவதால் ஒவ்வொரு முறையும் முழுமையாகப் பதில் சொல்லவேண்டிய கேள்வியும்கூட. ஊசி சென்ற தடத்தில் சில செல்கள் இடம்பெயர்ந்து கிடப்பதை நுண்ணோக்கியில் காண்பது உண்டு. ஆனால் அதனால் நோயாளிகளின் வாழ்நாள் குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. பரிசோதனைக்கு அஞ்சி ஆறு மாதம் தள்ளிப்போடுவதால் ஏற்படும் தீங்குதான் உண்மையானது. இதைச் சொன்னதும் அவர் சமாதானமடைந்தார்.

23 கேஜ் ஊசியையும் (கேஜ் எண் கூடக்கூட ஊசி மெல்லியது) 10 மி.லி. சிரிஞ்சையும் கொண்டு, விரலால் தடிப்பை நிலைநிறுத்தி, இரண்டு முறை உறிஞ்சினேன். நான்கு சிலைடுகள் கிடைத்தன. இரண்டை ஈரம் உலருமுன் 95 சதவீத ஆல்கஹாலில் இட்டு பாப்பனிகோலா சாயத்துக்கும், இரண்டைக் காற்றில் உலர்த்தி கீம்சா சாயத்துக்கும் ஒதுக்கினேன். திசுவுக்குள் ஊசி நகர்ந்தபோது ரப்பரைத் துளைப்பது போன்ற ஒரு தடை இருந்தது. அதைப் படிவத்தில் நான் குறிக்கவில்லை. பின்னால் யோசிக்கையில், அந்தத் தடை நோயறிதலின் ஒரு பகுதி என்பதை நான் மறந்திருந்தேன் என்றே சொல்லவேண்டும்.

சிலைடுகளில் பெரும்பாலும் கொழுப்புத் துணுக்குகளே இருந்தன. இடையில் நான்கு சிறிய பால் நாளச் செல் தகடுகள். அவற்றின் மேல் தசைமேற்படலச் செல்களின் கருமையான உட்கருக்கள். பின்புலத்தில் சில வெற்று உட்கருக்கள். இவை அனைத்தும் தீங்கற்ற மார்பகத்தில் காணப்படுபவையே. "வகை 2, தீங்கற்றது, நார்த்திசு மற்றும் நீர்க்கட்டி மாற்றத்தோடு ஒத்தது" என்று அறிக்கை எழுதினேன். மூன்று மாதம் கழித்து வரச் சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசி முடிவே நன்றாக வந்துவிட்டதே என்று அவரும் மேமோகிராமுக்குக் கொடுத்த தேதியில் வரவில்லை.

ஏழு வாரம் கழித்து

மூன்று மாதம் ஆகுமுன்பே அவர் திரும்பி வந்தார். கையை உயர்த்தித் தலை வாரும்போது மார்பின் ஓரத்தில் தோல் உள்ளிழுப்பதை அவருடைய மகள் கவனித்து அழைத்து வந்திருந்தார். இம்முறை பரிசோதித்த மூத்த அறுவைச் சிகிச்சை நிபுணர் உடனே மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுக்கச் செய்து, படங்களையும் என் பழைய அறிக்கையையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு என் அறைக்கே வந்தார். மேமோகிராமில் திட்டவட்டமான கட்டி தெரியவில்லை. மார்பகத் திசுவின் இயல்பான அமைப்பு ஓரிடத்தில் மட்டும் சுருக்கிக் கட்டியதுபோல் குலைந்திருந்தது. அல்ட்ராசவுண்டில் 22 மி.மீ. அளவில் ஒழுங்கற்ற கருமையான பகுதியும் அதன் பின்னால் நிழலும் தெரிந்தன. கதிரியல் பிரிவு, படத்தில் தெரியும் புற்று ஐயத்தைத் தரப்படுத்தும் பை-ராட்ஸ் அளவுகோலில் 4சி என்று தரம் குறித்திருந்தது. புற்றாக இருக்கும் வாய்ப்பு 50 சதவீதத்துக்கு மேல், 95 சதவீதத்துக்குக் கீழ் என்பது அதன் பொருள்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, அவை ஒரே நோயாளியைப் பற்றிப் பேசவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. மேமோகிராம் இத்தனை ஐயத்தைக் காட்டும்போது "தீங்கற்றது" என்ற ஊசி முடிவை ஒரு முடிவாகவே கொள்ளக்கூடாது. ஊசி இலக்கைத் தொடவில்லை, அல்லது தொட்டதை நான் அடையாளம் காணவில்லை என்றுதான் கொள்ளவேண்டும்.

மறுநாள் அல்ட்ராசவுண்ட் வழிகாட்டுதலோடு கோர் பயாப்ஸி, அதாவது பருமனான ஊசியால் திசுத் துண்டுகளையே வெட்டி எடுக்கும் பரிசோதனை, செய்யப்பட்டது. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் கொடுத்து, தோலில் சிறு கீறலிட்டு, 14 கேஜ் தானியங்கி ஊசியை மார்புச் சுவருக்கு இணையாகச் செலுத்தி ஐந்து துண்டுகள் எடுக்கப்பட்டன. முதல் துண்டு ஃபார்மலினில் மிதந்தது; அது கொழுப்பு. மற்ற நான்கும் மூழ்கின. மிதப்பதும் மூழ்குவதும் நோயறிதல் ஆகாது, ஆனால் இலக்கைத் தொட்டோமா என்பதற்குக் கதிரியல் மருத்துவரிடம் அந்த நிமிடமே இருக்கும் எளிய குறி அது. துண்டுகள் 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் இரவு முழுவதும் ஊறின. ஹார்மோன் ஏற்பிப் பரிசோதனைகள் பிழையின்றி வர 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் திசு பதப்பட்டிருக்கவேண்டும்.

நுண்ணோக்கியில் கண்டது இதுதான்: அடர்ந்த நார்த்திசுவுக்கு நடுவே, சிறிய, ஏறத்தாழ ஒரே அளவான செல்கள், ஒன்றன்பின் ஒன்றாக எறும்புச் சாரைபோல் ஊர்ந்துகொண்டிருந்தன. சில இடங்களில் அந்தச் சாரை இயல்பான நாளங்களைச் சுற்றி வட்டமிட்டிருந்தது. சில செல்களின் உள்ளே சளி நிறைந்த சிறு குழிவு இருந்தது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-காடெரின் என்னும் புரதம் புற்றுச் செல்களில் முற்றிலும் இல்லை. பக்கத்திலிருந்த இயல்பான நாளத்தில் அது பழுப்பு நிறக் கோடாகப் பளிச்சென்று தெரிந்தது. செல்லை வளரத் தூண்டும் இரு ஏற்பிகளில், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வலுவாக நேர்மறை, ஹெர்-2 எதிர்மறை. நோயறிதல்: பால் சுரக்கும் நுண்மடல்களின் பெயரால் வழங்கும், ஊடுருவும் லோபுலார் புற்று.

ஊசி ஏன் தவறியது

பழைய நான்கு சிலைடுகளையும் எடுத்து முதலிலிருந்து பார்த்தேன். கீம்சா சாயமிட்ட இரண்டாவது சிலைடின் ஓரத்தில், கொழுப்புத் துணுக்குகளுக்கு அருகில், நான்கைந்து சிறிய செல்கள் கொண்ட இரண்டு குறுஞ்சங்கிலிகள் இருந்தன. அவற்றை நிணச் செல்கள் என்று எண்ணிக் கடந்திருக்கிறேன். கோர் பயாப்ஸியைப் பார்த்தபின் அவற்றை அடையாளம் காண்பது எளிது. அந்த அளவு செல்களை வைத்துப் புற்று என்று எழுதியிருக்க முடியாது. ஆனால் ஐயத்துக்குரியது என்று எழுதி, கோர் பயாப்ஸி கேட்டிருக்க முடியும், கேட்டிருக்கவேண்டும்.

நுண்ணூசிப் பரிசோதனை நம்பியிருப்பது ஒரே ஒரு இயல்பை: புற்றுச் செல்கள் பிடிமானம் இழந்து எளிதில் உதிரும் என்பதை. மார்பகப் புற்றுகளில் மிகப் பரவலான நாளப் புற்றில் செல்கள் கூட்டங்கூட்டமாக அடர்ந்திருப்பதால், ஊசி முன்னும் பின்னும் அசையும்போது கொத்துக்கொத்தாக வந்து விழுகின்றன. லோபுலார் புற்றிலும் செல்களுக்கிடையே பிடிமானம் இல்லைதான். ஆனால் ஒவ்வொரு செல்லும் கெட்டியான நார்த்திசுச் சுவர்களுக்கு இடையில் தனித்தனியாகச் சிக்கிக் கிடக்கிறது. உறிஞ்சும்போது அவை அகப்படாமல், பக்கத்திலிருக்கும் தளர்ந்த கொழுப்பே வருகிறது. வருகின்ற சிலவும் நிணச் செல்களைப் போலச் சிறியவை, ஒரே சீரானவை, புற்றுக்குரிய கோரத் தோற்றம் இல்லாதவை. எனவே மாதிரி எடுப்பதிலும் அதைப் படிப்பதிலும் ஒருசேர ஏமாற்றும் புற்று இது. 23 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் ஏறத்தாழ 0.64 மி.மீ., 14 கேஜ் ஊசியினுடையது ஏறத்தாழ 2.1 மி.மீ.; ஆனால் வேறுபாடு பருமனில் மட்டும் இல்லை. முன்னது செல்லை உதிர்த்து எடுக்கிறது, பின்னது திசுவை அறுத்து, சாரையை அது ஊரும் பாதையோடு சேர்த்து எடுக்கிறது.

இரண்டாவது காரணம் முழுக்க என்னுடையது. மார்பகச் செல்லியல் அறிக்கைக்கென்று பன்னாட்டுச் செல்லியல் கழகம் யோகோஹாமாவில் 2016-இல் கூடித் தொடங்கிவைத்த அமைப்பில் ஐந்து வகைகள் உள்ளன: மாதிரி போதாது, தீங்கற்றது, இயல்பு மாறியது, ஐயத்துக்குரியது, புற்று. திடமான கட்டியில் மாதிரி போதுமானது என்று கொள்ள, ஏறத்தாழ 20 செல்கள் கொண்ட 7 மேற்படலத் துணுக்குகளாவது இருக்கவேண்டும் என்பது அதன் வழிகாட்டல். என் சிலைடுகளில் அத்தகைய தகடுகள் நான்குதான் இருந்தன. "மாதிரி போதாது" என்று எழுதியிருந்தால் அந்தப் பெண்மணியை மறுபடி அழைத்திருப்பார்கள். "தீங்கற்றது" என்ற சொல் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கண் பார்த்த செல்கள் தீங்கற்றவை என்பது உண்மை; கட்டி தீங்கற்றது என்று அதனால் ஆகிவிடாது. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்லிக்கொடுப்பவள் நான்.

மூன்றாவது, வரிசை மாறியது. படம் முதலில், ஊசி பிறகு என்பதே சரியான முறை. ஊசி போட்ட இடத்தில் இரத்தம் கட்டினால் அதன்பின் எடுக்கும் படம் குழம்பும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதைவிடப் பெரிய காரணம், படத்தைப் பார்க்காமல் சிலைடைப் பார்ப்பவருக்கு எதை எதிர்பார்ப்பது என்றே தெரியாது என்பது. 4சி என்ற குறிப்பு அன்று என் மேசையில் இருந்திருந்தால், அந்தக் கொழுப்புத் துணுக்குகளை நான் வேறு கண்ணோடு பார்த்திருப்பேன்.

துல்லியம் என்ற எண் எப்படி உருவாகிறது

கட்டிகளில் ஊசியை இட்டு உறிஞ்சும் முறையை நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் ஹேஸ் மார்ட்டினும் எட்வர்ட் எல்லிஸும் 1930-இல் வெளியிட்டார்கள். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்காவில் சிக்ஸ்டன் ஃபிரான்சேனும் அவருடைய சகாக்களும் அதை மெல்லிய ஊசிக்கு மாற்றினார்கள். விசையோடு பாயும் தானியங்கி ஊசி 1980-களிலும், வெற்றிடத்தால் திசுவை இழுத்து அறுக்கும் கருவி 1990-களின் நடுவிலும் வந்தன. இவற்றை ஒப்பிடும் ஆய்வுகள் ஏராளம். ஆனால் அவை தரும் எண்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. 46 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான கட்டுரை நுண்ணூசியின் உணர்திறனை, அதாவது புற்று உள்ளவர்களில் எத்தனை பேரை அது பிடிக்கிறது என்பதை, ஏறத்தாழ 93 சதவீதம் என்றது. நுண்ணூசியையும் கோர் பயாப்ஸியையும் ஒப்பிட்டு 2017-இல் வெளியான தொகுப்பு, நுண்ணூசிக்கு 74 சதவீதமும் கோர் பயாப்ஸிக்கு 87 சதவீதமும் தந்தது. இத்தனை பெரிய இடைவெளிக்கு ஊசி போடும் கையும் சிலைடு பார்க்கும் கண்ணும் காரணங்கள்தான். கணக்கு வைக்கும் முறையும் அதே அளவுக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

புரிவதற்காக ஒரு கணக்கு. புற்று உள்ள 100 பெண்களுக்கு நுண்ணூசி போட்டதாகக் கொள்வோம். 70 பேருக்குப் புற்று என்றும், 10 பேருக்கு ஐயத்துக்குரியது என்றும், 5 பேருக்கு இயல்பு மாறியது என்றும், 9 பேருக்கு மாதிரி போதாது என்றும், 6 பேருக்குத் தீங்கற்றது என்றும் அறிக்கை போகிறது. புற்று என்று உறுதியாகச் சொன்னதை மட்டும் எண்ணினால் உணர்திறன் 70 சதவீதம். ஐயத்தையும் இயல்பு மாற்றத்தையும் சேர்த்தால் 85. மாதிரி போதாத 9 பேரைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டால் 93. ஊசி அதே, கை அதே, பெண்கள் அதே, மூன்று எண்கள். பிரிட்டனின் மார்பகப் பரிசோதனைத் திட்டம் முதல் எண்ணுக்கு 60, இரண்டாவதற்கு 80 சதவீதம் எனத் தனித்தனியே குறைந்தபட்ச வரம்பு வைத்து, புற்றுள்ளவர்களில் மாதிரி போதாமல் போனவர்கள் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்றும் கேட்பது இதனால்தான். அந்த 9 பேரும் உயிருள்ளவர்கள். அட்டவணையிலிருந்து அவர்களை நீக்குவதால் அவர்களுடைய கட்டி மறைந்துவிடாது.

கைக்குத் தட்டுப்படாத, படத்தில் மட்டும் தெரியும் கட்டிகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. அமெரிக்காவில் 1990-களில் பல மையங்களில் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நுண்ணூசி மாதிரிகள் போதாமல் போனதால் அந்தப் பிரிவையே இடையில் நிறுத்தவேண்டியதாயிற்று. மாறாக, அந்நாட்டு அரசின் சுகாதார ஆய்வு முகமைக்காக 2014-இல் செய்யப்பட்ட தொகுப்பில், படத்தின் வழிகாட்டுதலோடு செய்த கோர் பயாப்ஸிகளின் உணர்திறன் 97 முதல் 99 சதவீதம் வரை இருந்தது. எங்கள் நோயாளிக்கு முதல் முறை படம் இல்லாமல் விரலின் துணையோடு மட்டும் ஊசி போட்டேன் என்பதை இங்கே மறுபடி நினைவுபடுத்தவேண்டியிருக்கிறது.

உணர்திறன் எத்தனை உயர்ந்தாலும், "தீங்கற்றது" என்ற முடிவை எவ்வளவு நம்பலாம் என்பது ஊசி போடுமுன் இருந்த ஐயத்தைப் பொறுத்தே அமையும். 90 சதவீத உணர்திறனும், தீங்கற்றதைத் தீங்கற்றது என்று 98 சதவீதம் சரியாகச் சொல்லும் திறனும் கொண்ட ஒரு பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். படத்தில் தீங்கற்றதாகவே தோன்றும், புற்றுக்கு 2 சதவீத வாய்ப்பே உள்ள கட்டிகளில், தீங்கற்றது என்ற முடிவு பெற்ற 500 பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் புற்று மறைந்திருக்கும். 70 சதவீத வாய்ப்புள்ள கட்டிகளில், அதே முடிவைப் பெற்ற ஐந்து பேரில் ஒருவருக்குப் புற்று இருக்கும். அறிக்கையில் இருக்கும் சொல் இரண்டிலும் ஒன்றுதான். அதனால்தான் கை, படம், ஊசி என்ற மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் மும்முனைச் சோதனை இத்தனை வலியுறுத்தப்படுகிறது. மூன்றும் ஒத்துப்போனால் பிழை மிக அரிது, ஒன்று விலகி நின்றால் அடுத்த படி பயாப்ஸிதான்.

எதிர்த்திசைப் பிழையையும் குறிப்பிடவேண்டும். செல்கள் மிகுந்த ஃபைப்ரோஅடினோமா, பாப்பிலோமா, பால் சுரக்கும் மார்பகம், கொழுப்புத் திசு அழிவு, நம் நாட்டில் குறைவில்லாத காசநோய் மார்பக அழற்சி ஆகியவை நுண்ணூசியில் புற்றுபோலத் தோன்றி ஏமாற்றக்கூடும். புற்றில்லாததைப் புற்று என்று சொல்லும் பொய்நேர்மறை நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக இருக்கவேண்டும் என்பது பொதுவான வரம்பு. ஆனால் அந்த ஒருவர் மார்பகத்தை இழந்துவிட்டால் எந்தத் திருத்த அறிக்கையும் அதை மீட்டுத் தராது. நுண்ணூசி முடிவை மட்டும் வைத்து மார்பகத்தை அகற்றக்கூடாது என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

கோர் பயாப்ஸியும் முழுமையானதன்று. புற்று நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறதா, வெளியே ஊடுருவிவிட்டதா என்பதை நுண்ணூசி சொல்லவே இயலாது. கோர் சொல்லும், ஆனால் குறைத்துச் சொல்வதுண்டு. கோரில் நாளத்துக்குள் அடங்கியது என்று கண்டவர்களில், அறுவைக்குப்பின் ஏறத்தாழ 26 சதவீதத்தினரிடம் ஊடுருவிய பகுதியும் கண்டறியப்பட்டதாக 2011-இல் வெளியான தொகுப்பு ஒன்று காட்டியது; 14 கேஜ் ஊசியில் இது அதிகம், பருமனான வெற்றிட ஊசியில் குறைவு. சுண்ணப் புள்ளிகள் மட்டும் தெரியும் மார்பகங்களுக்கு வெற்றிட முறை விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதனால் நுண்ணூசியைத் தூக்கியெறியவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீர்க்கட்டியை வடிக்க, அக்குள் நெறியில் புற்று உள்ளதா என்று அறிய, மயக்க மருந்தும் தானியங்கி ஊசியும் இல்லாத இடத்தில் அன்றைக்கே ஒரு விடை தர, அதைப்போல் எளிதும் மலிவுமான முறை வேறில்லை. தொலைவிலிருந்து பேருந்தேறி வரும் பெண்ணுக்கு அன்றே கிடைக்கும் விடை சிறிய விஷயமன்று. ஆனால் அந்த விடையில் "போதவில்லை" என்ற சொல்லுக்கும் இடம் இருக்கவேண்டும்.

அதன்பின்

எம்.ஆர்.ஐ. படத்தில் நோய் 46 மி.மீ. வரை பரவியிருந்தது, அல்ட்ராசவுண்ட் காட்டியதைப்போல் இரு மடங்கு. ஊர்ந்து பரவும் லோபுலார் புற்றில் இது எதிர்பார்க்கக்கூடியதே. மார்பகம் அகற்றப்பட்டது, புற்று முதலில் சென்றடையக்கூடிய அக்குள் நெறிகளான காவல் நெறிகள் இரண்டை எடுத்ததில், ஒன்றில் புற்றுச் செல்கள் இருந்தன. புற்றுநோய்ச் சிகிச்சைக் குழு கூடி முடிவெடுத்தபடி சிகிச்சை நடந்தது. இப்போது அவர் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் லெட்ரோசோல் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். ஏழு வாரம் முன்னதாகத் தெரிந்திருந்தால் அந்த நெறி தப்பியிருக்குமா என்று மகள் என்னிடம் கேட்டார். பெரும்பாலும் அப்போதே அது அங்கே இருந்திருக்கும் என்று நம்புகிறேன். அதையும், என் முதல் அறிக்கையில் நேர்ந்த பிழையையும் இருவரையும் உட்காரவைத்து நானே சொன்னேன். "நீங்களே சொன்னீங்களே, அது போதும்மா" என்றார் அந்தத் தாய்.

எங்கள் பிரிவில் இப்போது படத்தின் தரக்குறிப்பு இல்லாத மார்பக ஊசிப் படிவத்தை, அவசரத் தேவை எழுதப்பட்டிருந்தாலன்றி, ஏற்பதில்லை. துணுக்குகளின் எண்ணிக்கையும் ஊசி முனையில் உணர்ந்த தடையும் அறிக்கையில் தனி வரிகளாக எழுதப்படுகின்றன.

ஆண்டு இறுதியில் தணிக்கைப் பதிவேட்டை நிரப்பும்போது ஒரு கேள்வி எழுந்தது. மறுபார்வையில் இந்த மாதிரி உண்மையில் "போதாது" என்ற வகையைச் சேர்ந்தது என்று நாங்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டோம். அப்படியானால் அந்த வகைக்கே மாற்றிவிடலாமே என்று இளைய சக மருத்துவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு கேட்டார். மாற்றியிருந்தால் புற்றைத் தவறவிட்டுத் தீங்கற்றது என்று நாங்கள் எழுதிய தவறிய எதிர்மறைகளின் எண்ணிக்கை ஒன்று குறைந்திருக்கும். ஆனால் நோயாளியின் கைக்குப் போன தாளில் "தீங்கற்றது" என்றுதான் இருந்தது. பதிவேட்டிலும் அது வகை 2 என்றும், தவறிய எதிர்மறை என்றும், என் பெயரோடும் எழுதப்பட்டிருக்கிறது.